வாடைக் காற்று அடிக்கும்போது எங்கே ஒதுங்குவது: மண்டபம் வடகடலா, குந்துகாலா?

தொண்டியிலிருந்து ஃபைபர் படகில் கரையோரமாகக் கீழக்கரைக்குக் கிளம்புகிறீர்கள். பாம்பனில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று பாதி வழியில் போன் வருகிறது. ஒன்று, பாம்பன் கால்வாயைக் கடக்காமல் மண்டபம் வடகடல் (பாக் நீரிணை) கரையிலேயே நிற்கலாம். இல்லாவிட்டால், பாலத்துக்கு அடியில் புகுந்து தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம், பாம்பன் தீவில் இருக்கும் குந்துகாலுக்குப் போய்விடலாம். போன கார்த்திகையில் நாங்கள் போனது குந்துகாலுக்கு. இப்போது கேட்டாலும் அதையே சொல்வேன்.

வசதி என்று பார்த்தால் மண்டபம்தான். ரயில், பஸ், லாட்ஜ், எஞ்சினைப் பார்க்க மெக்கானிக், எல்லாம் பக்கத்திலேயே. குந்துகாலில் மீன் இறங்குதளமும், 1897-ல் விவேகானந்தர் வந்திறங்கியதற்கான நினைவு மண்டபமும்தான். சோற்றுக்கும் டீசலுக்கும் பாம்பன் ஊருக்குள் போக வேண்டும். வடகிழக்கிலிருந்து வரும் வாடைக் காற்றுக்கு வடகடல் திறந்து கிடக்கும், தென்கடலைத் தீவு மறைக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

நான் பார்ப்பது வேறு. காற்று நின்றதும் எங்கிருந்து முதலில் கிளம்ப முடியும்? பாக் நீரிணையில் ஆழம் பெரும்பாலும் 15 மீட்டரைக்கூடத் தாண்டாது. அதனால் வாடையில் அலை குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்மேல் ஒன்றாக வரும். காற்று ஓய்ந்த பிறகும் கடல் உடனே அடங்காது. மண்டபத்தில் காத்திருந்தால் அந்த மிச்ச அலையோடுதான் கால்வாய்க்குள் நுழைய வேண்டும். வாடைப் பருவத்தில் நீரோட்டமும் வடக்கிலிருந்து தெற்கே இழுக்கும். பின்னாலிருந்து அலை தள்ள, ஓட்டம் இழுக்க, இரண்டு பக்கமும் பாறையும் பாலத் தூண்களும். அந்த நேரத்தில் சின்னப் படகு சொன்ன பேச்சைக் கேட்காது. ஆகவே வானம் வெளுத்த பிறகும் கரையில் உட்கார்ந்து லாட்ஜுக்கு வாடகை கட்ட வேண்டியதுதான். கடல் அமைதியாக இருக்கும்போதே கடந்து குந்துகாலில் கட்டிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. காற்று தணிந்த அன்றைக்கே கீழக்கரைப் பக்கம் கிளம்பிவிடலாம். உயரமான பாய்மரம் உள்ள படகென்றால் இன்னும் யோசிக்க வேண்டும். புதிய ரயில் பாலத்தின் 72.5 மீட்டர் தூக்குப் பகுதியைத் தூக்க அனுமதி வாங்கிக் காத்திருக்க வேண்டும். கூண்டு ஏறுவதற்கு முன்பே அதைக் கேட்டு வைப்பது நல்லது.

குந்துகாலிலும் ஒரு கவனம் தேவை. குருசடைத் தீவை ஒட்டிப் பவளப்பாறை. அங்கே நங்கூரம் போட்டால் பாறையும் உடையும், கயிறும் அறுபடும். போதாததற்கு அது தேசியப் பூங்கா எல்லை. இறங்குதளத்தை ஒட்டியே கட்டுங்கள்.

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலத்தில் கதை தலைகீழ், அப்போது வடகடல்தான் அமைதி என்கிறார்கள் பாம்பன்காரர்கள். அந்தப் பருவத்தில் நான் அங்கே படகில் போனதில்லை. அவர்கள் பேச்சைத்தான் நம்ப வேண்டும்.

இதெல்லாம் 3-ஆம் எண் கூண்டு வரைக்கும்தான். 5-ஓ அதற்கு மேலோ ஏறினால் புயலே அந்தப் பக்கம் வருகிறது என்று பொருள். அது எந்தப் பக்கமாகக் கடக்கிறது என்பதைப் பொறுத்துக் காற்றும் திசை மாறும். 2020 டிசம்பரில் வலுவிழந்த புரெவி மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்றதே, அப்படி ஒன்று வந்தால் தென்கடலை மறைவிடம் என்று சொல்ல முடியாது. அப்போது நானும் மண்டபத்துக்கே போவேன். மணல் கரை இருக்கிறது, படகை மேலே இழுக்க ஆள் கிடைக்கும், எஞ்சினைக் கழற்றி யார் வீட்டிலாவது வைத்துவிட்டு ஊருக்கு ரயிலேறலாம்.