வெயில் பையா, பம்ப் ஷவரா?

கூடாரத்தில் தங்கும்போது குளிக்க இரண்டு வழிகள். கறுப்புப் பையில் 20 லிட்டர் நீரை நிரப்பி, நல்ல வெயிலில் சில மணி நேரம் கிடத்தினால் இதமாகச் சூடேறும்; மின்சாரமே வேண்டாம். தூக்கும்போதுதான் வினை. 20 லிட்டர் என்றால் 20 கிலோ! தலைக்கு மேல் தொங்கவிட்டால்தான் நீர் இறங்கும். ஒருமுறை கிளை முறிந்து, உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு நின்றிருக்கிறேன்.

பேட்டரி பம்ப் ஷவருக்கு ஒரு வாளி போதும். பம்பை வாளி நீருக்குள் போட்டுப் பொத்தானை அழுத்தினால் சீராகப் பொழியும். ஆனால் அது நீரைச் சூடாக்காது. கலங்கிய ஆற்று நீர் என்றால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். சார்ஜ் தீர்ந்தால் பழையபடி சொம்புதான்.

காரில் போனால் பம்பையே எடுப்பேன். முதுகில் சுமந்து நடப்பவருக்குச் சுருட்டி வைக்கக்கூடிய பைதான், அதுவும் பாதியளவு நிரப்பி.