கோடோ 4 பிசிக்ஸ்: வள்ளத்தை மிதக்க விட்டுப் பார்த்த மதிப்புரை

நாகர்கோவில் பக்கம் இறுதியாண்டு புராஜெக்டாக கேம் செய்யக் கிளம்புகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடலாம்: பொருள்களை அசைக்கிற வேலைக்கு, அதிலும் 2டி-க்கு, கோடோ என்ற கேம் எஞ்சின் தாராளமாகப் போதும். காசு கிடையாது. எம்.ஐ.டி உரிமம் என்பதால் செய்த கேமை விற்றாலும் யாருக்கும் பங்கு தர வேண்டியதில்லை. "ஆள் நடுங்குறான், பந்து சுவரைத் தாண்டிப் போவுது" என்று வருகிற புகார்களில் பெரும்பாலானவை எஞ்சினின் குற்றமும் அல்ல. ஒரே பொருளை ஸ்கிரிப்ட் ஒரு பக்கமும் பிசிக்ஸ் இன்னொரு பக்கமும் இழுப்பதால் வருகிறவை. மிச்சம் உள்ளவை எஞ்சினின் குறைகள்தான், அவற்றையும் மறைக்கப் போவதில்லை.

பார்த்த பதிப்பு 4.4, 2025 மார்ச்சில் வந்தது. சோதிக்க எடுத்துக்கொண்டவை மூன்று: முட்டம் கடற்கரையில் பாறை விட்டுப் பாறை தாவும் பையன், விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகு, குளச்சல் கடலில் ஆடும் வள்ளம்.

பையனுக்கு கேரக்டர்பாடி 2டி, அதாவது ஸ்கிரிப்டால் நாமே நகர்த்தும் பாத்திரத்துக்கான நோட் (கேமைக் கட்டும் உறுப்புக்கு கோடோவில் நோட் என்று பெயர்). இதற்கு ஈர்ப்பு தானாக வராது. ஒவ்வொரு பிசிக்ஸ் டிக்கிலும் (எஞ்சின் அசைவைக் கணக்கிடும் ஒவ்வொரு முறையும், இயல்பாக நொடிக்கு 60 தடவை) நாம்தான் வெலாசிட்டியின் ஒய் பகுதியில் கூட்ட வேண்டும். 2டி-யில் எஞ்சின் தரும் ஈர்ப்பு 980, அதாவது நொடிக்கு நொடி வேகம் 980 பிக்சல் ஏறும். இதைக் கூட்டும்போது டெல்டாவால், அதாவது ஒரு டிக்குக்கு ஆகும் நேரத்தால், பெருக்க வேண்டும். ஆனால் பையனை நகர்த்தும் ஃபங்ஷனான மூவ் அண்ட் ஸ்லைடை அழைக்குமுன் வெலாசிட்டியை டெல்டாவால் பெருக்கக் கூடாது, அது உள்ளேயே பெருக்கிக்கொள்ளும். தெரியாமல் பெருக்கினால் பையன் 60-இல் ஒரு பங்கு வேகத்தில் ஊர்வான். உடனே 300 என்று இருந்த வேகத்தை 18000 ஆக்கிவிட்டு "சரியாயிட்டு" என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். பிறகு என்றைக்காவது டிக்கை 60-இலிருந்து 120 ஆக்கினால் பையனின் வேகம் பாதியாகும், காரணம் பிடிபடாது. மூவ் அண்ட் கொலைடு இதற்கு நேர் எதிர், அங்கே டெல்டாவால் பெருக்கித்தான் கொடுக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு ஃபங்ஷனுக்கு இரண்டு விதி வைத்தது நல்ல வடிவமைப்பு என்று சொல்ல முடியாது.

தாவும் வேகத்தைக் குருட்டுமட்டாக மாற்றிப் பார்க்க வேண்டாம். பையன் 100 பிக்சல் உயரம் தாவ வேண்டுமென்றால் 2 × 980 × 100 = 196000, அதன் வர்க்கமூலம் சுமார் 443. ஒய் அச்சு கீழ்நோக்கி வளர்வதால் −443 என்று கொடுக்க வேண்டும். பாறைச் சரிவில் இறங்கி ஓடும்போது பையன் தத்தித் தத்திப் போனால் ஃப்ளோர் ஸ்னாப் லெங்த்தை, அதாவது எவ்வளவு தூரம் வரை காலைத் தரையோடு ஒட்டவைக்கும் என்ற அளவை, பாருங்கள். நாம் மாற்றாதவரை அது 1 பிக்சல். 300 வேகத்தில் ஓடுகிறவன் ஒரு டிக்குக்கு 5 பிக்சல் நகர்கிறான், செங்குத்தான சரிவில் தரையும் கிட்டத்தட்ட அந்த அளவு கீழே போய்விடுகிறது. 8 என்று வைத்தால் கால் தரையிலேயே ஒட்டும்.

வலையில் கிடைக்கிற தமிழ், மலையாள வீடியோப் பாடங்களில் பழைய கோடோ 3-க்கானவையும் உண்டு. கினமேட்டிக்பாடி என்ற பெயரும், மூவ் அண்ட் ஸ்லைடுக்கு அடைப்புக்குறிக்குள் வெலாசிட்டி கொடுப்பதும் கண்ணில் பட்டால் அந்தப் பாடத்தை மூடிவிடலாம். 4-இல் அந்த வரி ஓடாது.

பாறைக்குப் போகும் படகில் ஆட்கள் நிற்க வேண்டும், படகு நகர்ந்தால் அவர்களும் கூடவே போக வேண்டும். படகை அசையாத பொருளுக்கான ஸ்டேட்டிக்பாடியாக வைத்து பொசிஷனை மாற்றினால் படகு போய்விடும், ஆட்கள் இருந்த இடத்திலேயே நின்று கடலில் விழுவார்கள். எஞ்சினைப் பொறுத்தவரை அந்தப் படகுக்கு வேகமே கிடையாது, இங்கிருந்து மறைந்து அங்கே தோன்றுகிறது, அவ்வளவுதான். நகரும் மேடைகளுக்கான அனிமேட்டபிள்பாடி 2டி-க்கு மாற்றி சிங்க் டு பிசிக்ஸ் இயங்குகிறதா என்று பார்த்துக்கொண்டால் சிக்கல் தீரும். படகை ட்வீன் அல்லது அனிமேஷன் பிளேயர் வைத்து ஓட்டினால் அதையும் பிசிக்ஸ் டிக்கில் ஓடும்படி மாற்ற வேண்டும். ஓடுகிற படகிலிருந்து தாவினால் படகின் வேகமும் சேர்ந்து வருவது இயல்பமைப்பு. வேண்டாமென்றால் பிளாட்ஃபார்ம் ஆன் லீவ் என்ற இடத்தில் நிறுத்தலாம். இந்தப் பகுதி கோடோவில் மிக ஒழுங்காகச் செய்யப்பட்டிருக்கிறது. முப்பந்தல் காற்றாலை இறக்கை எதையாவது தட்டிவிட வேண்டுமென்றாலும் இதே நோட்தான். பின்னணியில் சும்மா சுற்றினால் போதுமென்றால் பிசிக்ஸே வேண்டாம், படத்தின் ரொட்டேஷனை மாற்றினால் தீர்ந்தது.

வள்ளத்தில்தான் எஞ்சினின் உண்மையான பலமும் குறையும் தெரியும். மிதப்புக்கென்று கோடோவில் ஆயத்தமான நோட் எதுவும் இல்லை. விசைக்கு ஏற்ப எஞ்சினே நகர்த்தும் ரிஜிட்பாடி 2டி எடுத்து, அணியத்தில் ஒரு மார்க்கரும் பின்பக்கம் ஒரு மார்க்கரும் வைத்து, ஒவ்வொரு டிக்கிலும் அந்தப் புள்ளி நீர்மட்டத்துக்குக் கீழே எத்தனை பிக்சல் இருக்கிறது என்று பார்த்து, அந்த அளவுக்கு மேல்நோக்கி விசை கொடுக்க வேண்டும். நீருக்கு மேலே இருந்தால் விசை கிடையாது.

எவ்வளவு விசை? வள்ளத்தின் நிறை 10 என்றால் எடை 9800. அசையாமல் நிற்கும்போது புள்ளிகள் 20 பிக்சல் முங்கியிருக்க வேண்டும் என்று வைத்தால், 9800-ஐ இரண்டு புள்ளிக்கும் 20 பிக்சலுக்கும் பங்கிட வேண்டும். ஒரு புள்ளிக்கு, ஒரு பிக்சலுக்கு 245. இதை மட்டும் எழுதி ஓட்டினால் வள்ளம் மிதக்கும், ஆனால் ஒரு நொடிக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், சட்டென்று அடங்காது. தண்ணீரின் இழுவையையும் எழுதினால்தான் அடங்கும். ஒவ்வொரு புள்ளியின் செங்குத்து வேகத்துக்கும் எதிராக, வேகம் × 70 கொடுத்தால் ஆட்டமே இல்லாமல் சப்பென்று நின்றுவிடும். 20 கொடுத்தால் ஒன்றிரண்டு தடவை ஆடி அமரும், கண்ணுக்கு அதுதான் வள்ளம். புள்ளியின் செங்குத்து வேகம் என்பது வள்ளத்தின் ஒய் வேகத்தோடு, கோண வேகத்தை மையத்திலிருந்து அந்தப் புள்ளிக்குள்ள எக்ஸ் தூரத்தால் பெருக்கிக் கூட்டியது.

இங்கே தவறு வருகிற இடங்கள் நான்கு. அப்ளை ஃபோர்ஸுக்கு இரண்டாவதாகக் கொடுக்க வேண்டியது புள்ளியின் குளோபல் பொசிஷன் அல்ல, அதிலிருந்து வள்ளத்தின் குளோபல் பொசிஷனைக் கழித்து வருவது. கழிக்க மறந்தால் எஞ்சின் அதை ஆயிரம் பிக்சல் நீள நெம்புகோலாக எடுத்துக்கொள்ளும், வள்ளம் பம்பரமாய்ச் சுற்றும். அடுத்தது, இந்தக் கணக்கைத் திரையின் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஓடும் பிராசஸில் எழுதுவது. 144 ஃபிரேம் ஓடும் கணினியில் ஒரு டிக்குக்குள் விசை சராசரியாக 2.4 தடவை சேரும், வள்ளம் வானத்துக்கு எழும்பும். கல்லூரி லேபில் 30 ஃபிரேமில் அதே வள்ளம் பாதி விசையோடு முங்கும். டிக்குக்கு ஒரு தடவை ஓடும் பிசிக்ஸ் பிராசஸில் மட்டுமே எழுதுங்கள்.

மூன்றாவது, அலை. கண்ணுக்குத் தெரியும் அலையை ஷேடரும் (திரையில் வரையும் சிறு நிரல்), மிதப்புக்கான அலையை ஸ்கிரிப்டும் தனித்தனியாகக் கணக்கிட்டால் இரண்டின் நேரமும் ஒத்துப்போகாது. வள்ளம் அலைப்பள்ளத்தில் நிற்க வேண்டிய நேரத்தில் காற்றில் நிற்கும். பிசிக்ஸ் டிக்கில் டெல்டாவைக் கூட்டி நேரத்தை நாமே வைத்துக்கொண்டு, அதையே ஷேடருக்கு அனுப்ப வேண்டும். நான்காவது, கவிழ்வது. சென்டர் ஆஃப் மாஸை (நிறை மையத்தை) கஸ்டம் ஆக்கி, சில பிக்சல் கீழே இறக்கினால் வள்ளம் நிமிர்ந்து நிற்கும். கடலில் வள்ளத்தின் அடியில் பாரம் வைக்கிறதும் இதற்குத்தான்.

வள்ளத்தைக் கரைக்குத் திரும்பக் கொண்டுவர பொசிஷனை நேரடியாக எழுதுவது வேண்டாம். ரிஜிட்பாடியை நகர்த்தும் உரிமை பிசிக்ஸிடம் இருக்கிறது, நாம் எழுதியதை அது மாற்றிவிடலாம். பிசிக்ஸே அழைக்கும் இன்டெக்ரேட் ஃபோர்சஸ் என்ற ஃபங்ஷன் உள்ளே ஸ்டேட்டின் டிரான்ஸ்ஃபார்மை மாற்றினால் சண்டை இல்லை.

இனி குறைகள். மீன்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 2டி-யில் அடுக்கு மெல்ல நடுங்கி வழுகும், கீழே இலேசான பெட்டியும் மேலே கனமானதும் இருந்தால் இன்னும் மோசம். சால்வர் இட்டரேஷனை (மோதலை எத்தனை தடவை திருப்பிக் கணக்கிடும் என்ற எண்ணை) 16-இலிருந்து கூட்டினால் ஓரளவு அடங்கும், முழுக்க அடங்காது. அடுக்குவதே விளையாட்டு என்றால் ரேப்பியர் என்ற இலவச நீட்சியைப் போட்டுக்கொள்வது மேல். வேகமான பொருள் சுவரைத் தாண்டுவதற்கும் கணக்கு எளிது: 3000 வேகத்தில் எறிந்த கல் ஒரு டிக்குக்கு 50 பிக்சல் தாவுகிறது, 10 பிக்சல் சுவர் அதற்குத் தெரியவே தெரியாது. இடையில் உள்ள பாதையையும் பார்த்து மோதலைக் கண்டுபிடிக்கும் கன்டினியுவஸ் சி.டி என்ற வசதி உண்டு, ஆனால் 2டி-யில் அதை நம்பி இருக்க முடியாது. மோதும் வடிவத்தை மட்டும் தடிமனாக்குவதுதான் நம்பகமான வழி, படம் மெலிதாகவே இருக்கட்டும்.

இன்னொரு எரிச்சல்: ரிஜிட்பாடி எதிலாவது மோதினால் பாடி என்டர்டு சிக்னல் வர வேண்டும், ஆனால் வராது. மோதலைக் கவனிக்கும் கான்டாக்ட் மானிட்டர் அணைந்தும், எத்தனை மோதலைச் சொல்ல வேண்டும் என்ற மேக்ஸ் கான்டாக்ட்ஸ் 0 ஆகவும்தான் வருகிறது, இரண்டையும் மாற்ற வேண்டும். கணினிப் பளுவைக் குறைக்கத்தான் அப்படி என்றாலும், ஓர் எச்சரிக்கையாவது காட்டியிருக்கலாம். மோதும் வடிவத்தைப் பெரிதாக்க ஸ்கேலைத் தொடாதீர்கள், வடிவத்தின் அளவையே மாற்றுங்கள். அதிலும் தேங்காயைப் பிரதி எடுத்திருந்தால் எல்லாத் தேங்காய்க்கும் ஒரே வடிவம்தான் பொதுவாக இருக்கும், மேக் யூனிக் அழுத்திய பிறகே மாற்ற வேண்டும்.

3டி செய்கிறவர்கள் புராஜெக்ட் செட்டிங்ஸில் பிசிக்ஸ், 3டி, பிசிக்ஸ் எஞ்சின் என்று போய் ஜோல்ட் என்ற வேறொரு பிசிக்ஸ் எஞ்சினைத் தேர்ந்தெடுத்து எடிட்டரை மூடித் திறக்கவும். 4.4-இல்தான் இது உள்ளேயே சேர்க்கப்பட்டது. அடுக்கு நடுக்கம் வெகுவாகக் குறையும். ஜாயின்ட் அமைப்புகள் சில மட்டும் அதில் வேலை செய்யாது.

நகர்வு வழுவழுப்பாக வர, இரண்டு டிக்குக்கு நடுவே உள்ள இடத்தைக் கணித்துக் காட்டும் பிசிக்ஸ் இன்டர்போலேஷனை நாமே இயக்க வேண்டும். 2டி-க்கு 4.3 முதலும், 3டி-க்கு 4.4 முதலும் இருக்கிறது. இயக்கிய பிறகு, கடலில் விழுந்த பையனைக் கரைக்கு மாற்றும்போது ரீசெட் பிசிக்ஸ் இன்டர்போலேஷனை அழைக்காவிட்டால் திரை முழுக்க ஒரு கோடாக இழுபடுவான்.

லேபில் பழைய கணினி என்றால் புராஜெக்ட் தொடங்கும்போதே ரெண்டரராக (திரையில் வரையும் முறையாக) கம்பாட்டிபிலிட்டியைத் தேர்ந்தெடுங்கள், வல்கன் என்ற புதிய கிராஃபிக்ஸ் வசதி இல்லாத கணினியிலும் ஓடும். டிக்கை 120-க்கு ஏற்றும் ஆசையை அங்கே விட்டுவிட வேண்டும். கணினியால் ஈடுகொடுக்க முடியாதபோது எஞ்சின் ஒரு ஃபிரேமுக்கு 8 டிக்குக்கு மேல் ஓட்டாது, கேம் முழுவதும் ஸ்லோமோஷனில் போகும். எடிட்டரின் டிபக் மெனுவில் விசிபிள் கொலிஷன் ஷேப்ஸை டிக் செய்துவிட்டு ஓட்டினால், மேலே சொன்ன பிழைகளில் பாதி கண்ணாலேயே தெரிந்துவிடும்.

கேமைத் தனியாக ஓடும் கோப்பாக மாற்றத் தேவைப்படும் எக்ஸ்போர்ட் டெம்ப்ளேட்டுகள் தனியாக இறக்க வேண்டியவை, ஏறத்தாழ ஒரு ஜிபி வரும். எடிட்டரின் பதிப்பு எண்ணும் டெம்ப்ளேட்டின் எண்ணும் கடைசிப் புள்ளிக்குப் பிறகு உள்ள எண் வரை ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவர் இறக்கி பென்டிரைவில் வைத்துக்கொண்டு குழு முழுக்க அதையே போட்டுக்கொள்ளுங்கள், சமர்ப்பிக்கிற நாள் காலையில் ஆளுக்கொரு பதிப்பு வைத்துக்கொண்டு முழிக்க வேண்டாம்.