குக்கீ கலவைக் குப்பி: கிறிஸ்துமஸ் பரிசாக வாங்கியதும் சுட்டுப் பார்த்ததும்

மார்த்தாண்டத்துக்கு அருகே வீட்டிலேயே தயாரித்து விற்கும் ஒரு சகோதரியிடம், சபையிலுள்ள முதியவர்களுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுப்பதற்காக 6 குக்கீ கலவைக் குப்பிகள் வாங்கினேன். மைதா, பொடித்த கருப்பட்டி, உடைத்த முந்திரி, உலர்திராட்சை என அடுக்கடுக்காக நிரப்பிய கண்ணாடிக் குப்பியின் கழுத்தில், பெத்லகேம் நட்சத்திரத்தை நினைவூட்டும் தகர அச்சொன்றும், உள்ளே இருப்பவை எதைக் குறிக்கின்றன என்று விளக்கும் அட்டையொன்றும் சிவப்பு நாடாவில் தொங்குகின்றன. உப்புக்கு நேராக மத்தேயு 5:13 (‘நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள்’ என்ற வேத வசனம்) என்று எழுதியிருந்ததைக் கண்ட பாட்டி ஒருவர், அந்த அட்டையைக் கழற்றித் தம் வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டார்.

ஆணி வடிவிலுள்ள கிராம்பு சிலுவையின் ஆணிகளைக் குறிக்கிறதாம். 2021இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கன்னியாகுமரி கிராம்பையே இடித்துச் சேர்த்திருப்பதால், மூடியைத் திறந்தவுடன் மணம் அறையெங்கும் பரவுகிறது. வெண்ணெயும் முட்டையும் சேர்த்துப் பிசைந்து, 170 டிகிரியில் 12 நிமிடம் சுட்டேன். ஓரம் மொறுமொறுப்பாகவும் நடுவில் மென்மையாகவும் வந்தது.

கருப்பட்டி ஈரத்தை இழுக்கும் என்பதால், டிசம்பர் மழையில் 2 குப்பிகளில் அந்த அடுக்கு கட்டிபட்டிருந்தது. அதைத் தனிப் பொட்டலமாகக் கொடுப்பதே நல்லது. ஓவன் இல்லாத வீடுகளுக்காக, குக்கரில் மணல் பரப்பிச் சுடும் முறையையும் அட்டையில் சேர்க்கும்படி அந்தச் சகோதரியிடம் கேட்டிருக்கிறேன்.