தி மெஜஸ்டிக்: அப்பாவோடு பார்த்த படம், கூடவே ஒரு மனத்தாங்கல்

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அப்பாவோடு உட்கார்ந்து 'தி மெஜஸ்டிக்' பார்த்தேன். 2001இல் வந்த படம், இயக்கம் ஃபிராங்க் டேரபாண்ட், நாயகன் ஜிம் கேரி. முகத்தை அஷ்டகோணலாக்கிச் சிரிக்கவைக்கிற ஜிம் கேரியை எதிர்பார்த்து உட்காராதீர்கள், இதில் ரொம்ப அடங்கி நடித்திருக்கிறார். இரண்டரை மணி நேரம் ஓடும். அப்பா மேலூர்ப் பக்கம் டூரிங் கொட்டகையில் ஆப்பரேட்டராக இருந்தவர், அப்புறம் மதுரை டவுனுக்குள் ஒரு தியேட்டரில் பல வருஷம் ரீல் ஓட்டினார். இழுத்து மூடிய தியேட்டரைத் திரும்பத் திறக்கிற கதை என்று கேள்விப்பட்டுத்தான் அவரைக் கூப்பிட்டேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே பார்த்தார்.

கதையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1951, ஹாலிவுட், அமெரிக்காவில் கம்யூனிஸ்டுகளைத் தேடித் தேடிப் பிடித்த காலம். பீட்டர் ஆப்பிள்டன் அப்போதுதான் தலையெடுக்கிற திரைக்கதை எழுத்தாளன். கல்லூரியில் படித்தபோது ஒரு பெண்ணின் பின்னால் போய் ஏதோ ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான், கம்யூனிஸ்ட் என்று பெயர் ஏறிவிடுகிறது. ஸ்டுடியோ கைகழுவுகிறது. குடித்துவிட்டுக் காரை ஓட்டிப் போய்ப் பாலத்திலிருந்து ஆற்றில் விழுகிறான். நினைவு தப்பிக் கரை ஒதுங்கிய இடம் லாசன் என்கிற சின்ன ஊர். அங்கே ஹாரி டிரிம்பிள் என்ற பெரியவர், போருக்குப் போய் ஒன்பது வருஷத்துக்கும் மேலாகத் திரும்பாத தன் மகன் லூக் இவன்தான் என்று கட்டிக்கொள்கிறார். அவருடைய தியேட்டரின் பெயர்தான் மெஜஸ்டிக்.

நினைவு தப்புவது, ஆள் மாறுவது எல்லாம் நமக்குப் பழகிப்போன சரக்கு, அதனால் முதல் அரைமணி நேரம் எனக்குக் கொஞ்சம் சலிப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஹாரியாக வரும் மார்ட்டின் லாண்டோ எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறார். அந்த ஊர் போரில் அறுபத்திரண்டு பையன்களைப் பறிகொடுத்த ஊர். ஒருத்தனாவது திரும்பி வந்தானே என்று மொத்த ஊரும் அவனைத் தாங்குகிறது. சிலருக்கு உள்ளுக்குள் சந்தேகம் இருந்தும் வாயைத் திறக்க மனசு வருவதில்லை. எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருந்தார், வீட்டுக்காரர் பர்மாவுக்குப் போனவர், சண்டைக்கப்புறம் தகவலே இல்லை. சாகும்வரை பூவும் பொட்டும் வைத்துக்கொண்டுதான் இருந்தார், ஊரில் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதனால் லாசன் ஊர்க்காரர்கள் நடந்துகொள்வது எனக்கு மிகையாகவே தெரியவில்லை.

தியேட்டரைத் தூசி தட்டி, விளக்கு மாட்டி, முதல்முறையாக முகப்பு எரிகிற காட்சி வந்ததும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்புறம் புரொஜெக்டர் அறை. அப்பா பேச ஆரம்பித்துவிட்டார். ரீல் முடியப்போகும்போது படத்தின் மூலையில் ஒரு பொட்டு வந்து போகும், அதைப் பார்த்ததும் அடுத்த மெஷினைத் தயாராக்க வேண்டும், ஒரு நொடி பிசகினாலும் கீழேயிருந்து விசில் பறக்கும். டூரிங்கில் ஒரே மெஷின்தான், ரீல் முடிகிற ஒவ்வொரு தடவையும் இடைவேளை. மெஷினுக்குள் வெளிச்சம் தருகிற கார்பன் குச்சி எரிய எரியத் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், கண் எரியும், வெக்கை தாங்காது. ஹாரி மாரடைப்பு வந்து அந்த அறையிலேயே சாய்கிறார். அதே நேரத்தில்தான் பீட்டருக்கு நினைவு திரும்புகிறது, தான் யார் என்று தெரிந்துவிடுகிறது. ஆனாலும் சாகக் கிடக்கும் கிழவரிடம் உண்மையைச் சொல்லாமல், மகனாகவே இருந்து வழியனுப்பிவைக்கிறான். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நானும் அழுதேன். இந்த ஒரு பகுதிக்காகவே படத்தைப் பார்க்கலாம்.

மனத்தாங்கல் இதற்கு அப்புறம்தான். கம்யூனிஸ்டுகளைத் தேடுகிற அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழு முன்னால் பீட்டரைக் கூப்பிடுகிறார்கள். எழுதிக்கொடுத்ததைப் படித்து, நாலு பேரைக் காட்டிக்கொடுத்தால் தப்பிக்கலாம். அவனோ லூக்கின் நினைவாக பேச்சுரிமை தருகிற, அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்தைப் பற்றிப் பேசுகிறான், அரங்கமே கைதட்டுகிறது, எந்தச் சேதமும் இல்லாமல் வெளியே வந்துவிடுகிறான். பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது இது இல்லை. 1947இல் அந்தக் குழு முன்னால் அதே முதல் திருத்தத்தை நம்பி நின்ற சினிமாக்காரர்கள் பத்துப் பேரும் அவமதிப்புக் குற்றத்துக்காகச் சிறைக்குப் போனார்கள். அவர்களில் ஒருவரான திரைக்கதை எழுத்தாளர் டால்டன் டிரம்போ வெளியே வந்தும் சொந்தப் பெயரில் எழுத முடியவில்லை. 'ரோமன் ஹாலிடே' அவர் எழுதிய கதை, ஆஸ்கர் வாங்கியது வேறொருவர் பெயர். 1960 வரை திரையில் அவர் பெயர் வரவில்லை. சாப்ளின் 1952இல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறிய பிறகு திரும்பி உள்ளே வரும் அனுமதியை ரத்து செய்தார்கள். கைதட்டி அனுப்பிய கதை ஒன்றுகூட இல்லை.

மதுரைக்காரனாக எனக்கு இது இன்னும் உறுத்துகிறது. கதை நடக்கும் அதே காலத்தில் இங்கேயும் கம்யூனிஸ்ட் என்றால் சிறைதான். 1950 பிப்ரவரியில் சேலம் சிறையில் போலீஸ் காவலர்கள் சுட்டதில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்தார்கள். 1952 தேர்தலில் கம்யூனிஸ்ட் தலைவர் பி.ராமமூர்த்தி சிறைக்குள் இருந்தபடியே மதுரை வடக்கில் ஜெயித்தார். வெளியே வந்து ஓட்டுக் கேட்க முடியாத ஆளுக்கு ஊர் ஓட்டுப் போட்டது. இப்படி ஊர் பேசிய கதை நம்மிடம் இருக்கும்போது, ஒரே ஒரு நல்ல பேச்சால் எல்லாம் சரியாகிவிட்டது என்று படம் சொன்னால் எப்படி ஏற்பது? இயக்குநர் அப்பன் மகன் கதையில் காட்டிய பொறுமையில் பாதியை அந்த விசாரணையில் காட்டியிருக்கலாம். பீட்டர் ஒரு வருஷம் உள்ளே இருந்துவிட்டு லாசனுக்குத் திரும்பியிருந்தால், ஸ்டேஷனில் ஊரே வந்து நிற்கிற கடைசிக் காட்சி இன்னும் பல மடங்கு கனமாக இருந்திருக்கும்.

காதல் பகுதி சுமார். பின்னணி இசை சில இடத்தில் அழு அழு என்று நம்மைப் பிடித்துத் தள்ளுகிறது, அது தேவையே இல்லை. பழைய கார்கள், கடைத்தெரு, அந்த உணவுக்கடை எல்லாம் கண்ணுக்கு நிறைவு. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கூட உட்காரவைத்துப் பாருங்கள், விசாரணைக் காட்சி வரும்போது நடந்தது வேறு என்று பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள்.

படம் முடிந்ததும் அப்பா முகப்பு விளக்கு எரிகிற காட்சியை மறுபடி போடச் சொன்னார். போட்டேன். 1952இல் பராசக்தியோடு திறந்த தங்கம் தியேட்டரைப் பற்றி ராத்திரி பன்னிரண்டு மணி வரை பேசிக்கொண்டிருந்தார். அதை இடித்த சமயத்தில் அந்தப் பக்கமே போகாமல் சுற்றிப் போவாராம், எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.