முப்பது பலகையா, வேகத்தடையா?

கும்பகோணம் பக்கத்து ஊர்த் தெருக்களில் வண்டிகளின் வேகத்தைக் குறைக்க இரண்டு வழி: மணிக்கு 30 கி.மீ. என்று பலகை நடுவது, இல்லையென்றால் வேகத்தடை போடுவது.

30 என்பது சும்மா சொன்ன கணக்கு இல்லை. பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகிறது என்று வையுங்கள். 50-ல் வரும் வண்டி அதற்குள் 14 மீட்டர் ஓடிவிடும். 30-ல் வந்தால் 8 மீட்டர்தான். பந்தைத் துரத்திக்கொண்டு திண்ணையிலிருந்து இறங்கும் பிள்ளைக்கு அந்த 6 மீட்டர் பெரிய விஷயம். ஆட்களும் வண்டிகளும் கலக்கும் இடத்தில் 30-ஐத் தாண்டக் கூடாது என்றுதான் சாலைப் பாதுகாப்புக்கான உலக மாநாட்டின் 2020 ஸ்டாக்ஹோம் பிரகடனமும் சொல்கிறது. ஆனால் பலகையை யார் பார்க்கிறார்கள்? எங்கள் தெருப் பலகையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான் தெரிகிறது.

வேகத்தடைக்கு எல்லோரும் பணிவார்கள். சரி, எப்படிப் போடுகிறார்கள்? சாலைகளுக்கு அளவு வகுக்கும் இந்திய சாலைப் பேரவையின் (Indian Roads Congress) கணக்கு, வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். ஊரில் இருப்பதோ மிச்ச கான்கிரீட்டில் போட்ட ஒரு முழ அகல மேடு; வெள்ளைக் கோடும் கிடையாது. நெல் மூட்டை டிராக்டரும் குதிக்கும், பிள்ளைத்தாய்ச்சி வரும் ஆட்டோவும் குதிக்கும்.

என் ஓட்டு அளவோடு போட்ட வேகத்தடைக்கு. பலகை அதற்கு முன்னால் நிற்கட்டும். குறுவை அறுப்பில் மட்டும் இரண்டும் தேவைப்படாது. பாதி ரோட்டில் நெல் காயும்போது எவன் வேகமாகப் போவான்?