கிளவுட்ஃபிளேர் இலவசத் திட்டம்: ஒரு பதிப்பகத்தின் டொமைனை இணைத்துப் பார்த்ததில்

சிறு பதிப்பகம் ஒன்றின் இணையதளத்தை நான் பராமரித்து வருகிறேன். சர்வர் மும்பையில் இருக்கிறது. தளத்தின் கனத்தில் பெரும்பகுதி நூல்களின் அட்டைப் படங்களும், மாதிரி அத்தியாயங்களாக நாங்கள் தரும் பிடிஎஃப் கோப்புகளும்தான். எங்கள் வாசகர்களில் கணிசமானோர் யாழ்ப்பாணம், சிங்கப்பூர், டொராண்டோ எனப் பல ஊர்களில் இருப்பதால், படங்கள் மெதுவாக இறங்குகின்றன என்ற குறை தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. லாகின் பக்கத்தில் யாரோ இரவு முழுவதும் கடவுச்சொற்களை மாற்றி மாற்றி முயன்றுகொண்டிருந்ததும் சர்வரின் பதிவுகளில் தெரிந்தது. இந்த இரண்டையும் முன்னிட்டு டொமைனைக் கிளவுட்ஃபிளேரின் இலவசத் திட்டத்தில் சேர்த்தேன். வாசகருக்கும் சர்வருக்கும் நடுவே நின்று, கோப்புகளின் நகல்களை உலகின் பல ஊர்களில் வைத்துத் தருவதும், தாக்குதல்களைத் தடுப்பதுமான சேவை அது. பல மாதங்கள் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன்.

இணைக்கும் வேலை பார்வைக்கு மிக எளியது. கணக்குத் தொடங்கி டொமைன் பெயரைக் கொடுத்தால், அந்தப் பெயர் எந்தச் சர்வரைக் குறிக்கிறது என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவுகளில் தற்போதுள்ளவற்றை அது தேடி எடுத்துப் பட்டியலிடுகிறது. பிறகு, அந்தப் பதிவுகளைக் கேட்பவர்களுக்குச் சொல்லும் நேம்சர்வர்கள் இரண்டை, மனிதப் பெயர்களில் தொடங்குபவற்றைத் தருகிறது. டொமைன் வாங்கிய நிறுவனத்தின் பக்கத்தில் பழைய நேம்சர்வர்களை எடுத்துவிட்டு இந்த இரண்டையும் இட்டால் போதும். மாற்றம் பரவ ஒரு நாள் வரை ஆகலாம் என்கிறார்கள். எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. ஆனால் இதன் பொருளைப் புரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும்: இணையதளம் மட்டுமல்ல, அந்த டொமைனின் டிஎன்எஸ் முழுவதும் இனி அவர்கள் கையில் இருக்கும். நேம்சர்வரை மாற்றாமல் ஒரு துணை டொமைனை மட்டும் இணைக்கும் வசதி உயர் கட்டணத் திட்டங்களில்தான் உண்டு.

ஆகவே உண்மையான வேலை, நேம்சர்வரை மாற்றுவதற்கு முன்பே இருக்கிறது. தானாகத் தேடியெடுக்கும் பட்டியலில் எல்லாப் பதிவுகளும் வந்துவிடும் என்பதற்கு உறுதி இல்லை. கிளவுட்ஃபிளேரே அதைச் சொல்லி, ஒப்பிட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறது. பழைய பட்டியலை ஒரு சாளரத்திலும் புதியதை இன்னொன்றிலும் திறந்து வைத்துக்கொண்டு, மின்னஞ்சல் எங்கே வர வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ், நம் பெயரில் போகும் அஞ்சல் உண்மையானதே என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் ஆகிய பதிவுகளை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். டிகேஐஎம் பதிவு விடுபட்டால் தளத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. நாம் அனுப்பும் ரசீதுகள் மட்டும் வாங்கியவர்களின் ஸ்பேம் பெட்டிக்குள் போய் விழலாம், அதை நமக்கு யாரும் சொல்லமாட்டார்கள். டிஎன்எஸ் பதில்கள் போலியல்ல என்று கையொப்பத்தால் உறுதிசெய்யும் டிஎன்எஸ்செக் இயக்கத்தில் இருந்தால் அதையும் முன்கூட்டியே நிறுத்தி, அதன் சாவியைச் சுட்டும் பழைய டிஎஸ் பதிவு நீங்கிய பிறகே நேம்சர்வரை மாற்ற வேண்டும். இல்லையென்றால் அதைச் சரிபார்க்கும் இணையச் சேவையாளர்களின் வாடிக்கையாளர்களுக்குத் தளமே இல்லாதது போலாகிவிடும்.

ஒவ்வொரு பதிவின் அருகிலும் ஒரு மேகக் குறி இருக்கிறது. ஆரஞ்சு நிறமென்றால் போக்குவரத்து கிளவுட்ஃபிளேர் வழியாகச் செல்லும், சாம்பல் நிறமென்றால் முகவரியை மட்டும் சொல்லிவிட்டு அது ஒதுங்கிக்கொள்ளும். மின்னஞ்சல் சர்வரின் பெயர் சாம்பலில்தான் இருக்க வேண்டும்.

நான் தடுமாறிய இடம், தளத்துடனான தொடர்பை மறையாக்கும் எஸ்எஸ்எல் அமைப்பு. எங்கள் ஹோஸ்டிங் நிறுவனம் அதற்குத் தேவையான சர்வர் சான்றிதழைப் புதுப்பிக்காமல் விட்டிருந்த நேரம் அது. அவசரத்துக்கு 'ஃபிளெக்ஸிபிள்' என்ற முறையைத் தேர்ந்தெடுத்தேன். அந்த முறையில் கிளவுட்ஃபிளேர் எங்கள் சர்வரிடம் மறையாக்கம் இல்லாத சாதாரண எச்டிடிபியில் கேட்கும். எங்கள் சர்வரோ எச்டிடிபியில் வரும் எவரையும் மறையாக்கமுள்ள எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பிவிடும்படி அமைக்கப்பட்டிருந்தது. சர்வர் திருப்பிவிட, கிளவுட்ஃபிளேர் மீண்டும் எச்டிடிபியிலேயே கேட்க, இந்தச் சுற்று முடியாமல் தொடர்ந்ததில், ஒரு மாலை முழுவதும் வாசகர்கள் பார்த்தது 'மிக அதிகமான திருப்பல்கள்' என்ற பிழைச் செய்தியை மட்டுமே. தளம் நின்றதைவிட இந்த முறையின் இயல்புதான் எனக்கு அதிகக் கவலை தந்தது. வாசகருக்குப் பூட்டுக் குறி தெரிகிறது, ஆனால் கிளவுட்ஃபிளேருக்கும் சர்வருக்கும் இடையே அவருடைய கடவுச்சொல் மறைவின்றிப் பயணிக்கிறது. கடவுச்சொல் கேட்கும் எந்தத் தளத்துக்கும் இது பொருந்தாது. கிளவுட்ஃபிளேரே இலவசமாக வழங்கும் 'ஆரிஜின்' சான்றிதழைச் சர்வரில் நிறுவி, சர்வர் வரையிலும் மறையாக்கி அதன் சான்றிதழையும் சரிபார்க்கும் 'ஃபுல் ஸ்ட்ரிக்ட்' முறைக்கு மாறினேன். அந்தச் சான்றிதழை 15 ஆண்டுகள் வரை செல்லும்படி எடுக்கலாம். அதைக் கிளவுட்ஃபிளேர் மட்டுமே நம்பும் என்பதால், மேகத்தைச் சாம்பலாக்கினால் பிரௌசர்கள் எச்சரிக்கை காட்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பலன் என்னவென்றால், டொராண்டோ வாசகர் ஒருவர் அட்டைப் படம் ஒன்றோடு சேர்ந்து வரும் குறிப்புகளான பதில் தலைப்புகளைப் பிரௌசரில் திறந்து அனுப்பினார். கேஷ் நிலை 'ஹிட்' என்று இருந்தது, அதாவது சேமித்து வைத்த நகலே தரப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் கிளவுட்ஃபிளேர் இடும் சிஎஃப்-ரே எண்ணின் கடைசி மூன்று எழுத்துகள் அவருடைய ஊர் விமான நிலையத்தின் குறியீடு. படம் மும்பை வரை வந்து திரும்பவில்லை, அவர் ஊரிலேயே எடுத்துக் கொடுக்கப்பட்டது என்று அதற்குப் பொருள். ஆயினும் படங்கள், பிடிஎஃப், சிஎஸ்எஸ் போன்ற நிலையான கோப்புகளைத்தான் அது தானாகச் சேமிக்கிறது. பக்கத்தின் உரையைத் தாங்கும் எச்டிஎம்எல் ஒவ்வொரு முறையும் சர்வரிலிருந்தே வருகிறது. சர்வரே மெதுவானதென்றால் முதல் எழுத்து தோன்றும் நேரம் பெரிதாகக் குறையாது. லாகின் பக்கத்துக்கு வெளிநாட்டிலிருந்து வருபவர்களைச் சோதித்து அனுப்பும்படி ஒரு விதி எழுதினேன், இரவு முயற்சிகள் ஏறக்குறைய அடங்கிவிட்டன. இலவசத் திட்டத்தில் இத்தகைய விதிகள் ஐந்து எழுதலாம். இன்னொன்று: சர்வரின் பதிவுகளில் வருகிற எல்லா முகவரிகளும் இனி கிளவுட்ஃபிளேருடையவையாகவே தெரியும். வாசகரின் உண்மையான முகவரியை அதற்குரிய தலைப்பிலிருந்து எடுக்கும்படி அமைக்காவிட்டால், சர்வரின் பாதுகாப்பு மென்பொருள் கிளவுட்ஃபிளேரையே தடுத்துவிடக்கூடும்.

நம்பிக்கை பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஆரஞ்சு மேகம் வழியாகச் செல்லும் எல்லாவற்றையும் நடுவில் பிரித்துப் பார்த்துத்தான் இந்தச் சேவை இயங்குகிறது. 2025 நவம்பர் 18 அன்று, பாட்களை, அதாவது மனிதர்களல்லாத தானியங்கி நிரல்களை, இனங்காணும் பகுதிக்கான கோப்பு ஒன்று அளவுக்கு மீறிப் பெருத்ததால், உலகெங்கும் ஏராளமான தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. இந்திய நேரம் மாலை ஐந்தையொட்டித் தொடங்கிய அந்தத் தடை, பெருமளவு நீங்கியது இரவு எட்டு மணியளவில். அப்போது பலரால் கணக்கினுள் நுழையவே முடியவில்லை. மேகத்தைச் சாம்பலாக்கித் தப்பிக்கவும் வழியில்லை. நடந்ததை நிறுவனம் உடனே விரிவாக எழுதி வெளியிட்டதை நான் மதிக்கிறேன். எனினும், ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாத சேவையை நடத்துபவர்கள் மாற்று வழியொன்றை வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்களைப் போன்ற சிறு தளங்களுக்கு இதை மனமாரப் பரிந்துரைக்கிறேன். வாசகர்கள் 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகளை ஒரே முறையில் ஏற்ற வேண்டிய தளமென்றால் இலவசத் திட்டம் உதவாது. டொமைன் பெயரின் உரிமைப் பதிவை, அதை வாங்கிய பழைய நிறுவனத்திடமே விட்டு வைத்திருக்கிறேன். டிஎன்எஸ் பதிவுகள் முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி கிளவுட்ஃபிளேரில் இருப்பதால், எதையேனும் மாற்றும்போதெல்லாம் ஒரு பிரதி எடுத்துப் பதிப்பகத்தின் கணினியில் சேர்த்துவிடுகிறேன்.