கூல்பாரில் குரோஷே: சனிக்கிழமைக் கூட்டமும் அந்த நீல வெளிச்சமும்

கல்முனைச் சிநேகிதி ஒருத்தி கேட்டிருந்தாள்: "மட்டக்களப்புக் கல்லடியில கூல்பார் ஒண்டில சனிக்கிழமை பின்னேரம் கூடி இருந்து பின்னுறீங்களாமே, நானும் வரட்டா கா?" ஓம், இல்லை என்று ஒரு சொல்லில் முடிகிற விஷயம் இல்லை. அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

எங்கள் கூட்டத்துக்குத் தலைவர், செயலாளர், சந்தா ஒன்றும் கிடையாது. வங்கியில் வேலை செய்கிறவர்கள், காத்தான்குடியிலிருந்து வரும் சகோதரிகள், கம்பஸ் பிள்ளைகள், ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர். ஒரு பலூடாவை வாங்கி வைத்துக்கொண்டு எவ்வளவு நேரமும் இருக்கலாம். பாதிப் பேர் கையில் குரோஷே கொக்கி ஊசி, மிச்சப் பேர் கையில் இரட்டை ஊசி. கதைதான் முதல், பின்னல் பிறகு. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

என் கோபமெல்லாம் அந்தக் கடையின் நீல வெளிச்சத்தோடுதான். கூரை ஓரம் முழுக்க எல்.இ.டி. பட்டி ஒட்டி வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே மெரூன், கடும் பச்சை, கறுப்பு எல்லாம் ஒரே கறுப்புத்தான். கண்ணி எங்கே இருக்கிறதென்று ஊசி முனையால் தடவித் தேட வேண்டும். வட்டமாகப் பின்னுகிறவர்களுக்கு இந்த வேதனை விளங்கும். 6 கண்ணியில் தொடங்கினால் அடுத்த சுற்று 12, பிறகு 18, 24 என்று ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறு கூட வேண்டும். கூட்டாமல் விட்டால் கிண்ணம் மாதிரிக் குழியும், கூடிப்போனால் ஓரம் நெளியும். அங்கே இருந்து பின்னிய கிளாஸ் விரிப்பு ஒன்றுகூட என் வீட்டு மேசையில் ஒழுங்காகப் படுத்ததில்லை.

போன கிழமை எல்லை மீறிவிட்டது. ஒரு பை பின்ன எடுத்தது, ஒரே நிற இலக்கம் போட்ட இரண்டு மஞ்சள் அக்ரிலிக் நூல் உருண்டைகள். ஆனால் சாயம் போட்ட தொகுதி வேறு. கடைக்குள் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன. காலையில் வெயிலில் வைத்துப் பார்த்தால் பையின் மேல் பாதி மாம்பழ மஞ்சள், கீழ் பாதி எலுமிச்சை. அவ்வளவையும் உருவினேன்.

முதலாளியைத் திட்டவும் மனம் வரவில்லை. வெள்ளை பல்ப் ஒன்று போடச் சொன்னால், "அந்த லைட்டில போட்டோ எடுக்கத்தான் பொடியன்மார் வாறாங்க அக்கா" என்கிறார். சரி, அவர் பிழைப்பு அது. இத்தனை நேரம் மேசையைப் பிடித்து வைத்திருக்கிறோம், ஒருநாளும் எழும்பச் சொன்னதில்லை. கரண்ட் போன ஒரு பின்னேரம் சார்ஜ் லைட்டை எங்கள் மேசையில் கொண்டுவந்து வைத்தார். வெள்ளை வெளிச்சம்! அன்றைக்குப் பின்னிய மாதிரி நான் என்றைக்கும் பின்னியதில்லை. கரண்ட் வந்ததும் எனக்கு மட்டும் முகம் சுருங்கிப் போனது.

ரீச்சருக்கு மட்டும் இந்த வெளிச்சம் ஒரு பொருட்டே இல்லை. என் பின்னலை மடியில் வைத்து, முகத்தைப் பக்கத்து ஆளிடம் திருப்பிக் கதைத்துக்கொண்டே, பெருவிரலால் ஒவ்வொரு கண்ணியாக உருட்டிப் போவார். விரல் ஓரிடத்தில் நிற்கும். "இதில ஒண்டு விட்டிருக்காய் புள்ள." எண்ணிப் பார்த்தால் அதே இடம்தான். எந்த யூடியூப் வீடியோவும் இதைச் சொல்லித் தராது.

அப்புறம் நூல். நம் வெக்கைக்கு அக்ரிலிக் வியர்த்த கையில் ஒட்டி, ஊசியில் வழுக்காமல் இழுபடும். கம்பளி பற்றிப் பேசவே தேவையில்லை, மட்டக்களப்பில் யார் மப்ளர் கட்டுகிறார்கள்? கூட்டத்தில் ஒருத்திதான் மருதமுனைக் கைத்தறிக்காரர்களிடம் மிஞ்சிய பருத்தி நூலை வாங்கி வந்து பழக்கினாள். மெல்லிய நூல்தான், நாலைந்து இழையைச் சேர்த்துப் பிடித்தால் பைக்கு நல்ல உறுதி. அதற்குப் பிறகு நான் அக்ரிலிக் பக்கம் போகவே இல்லை, அந்த மஞ்சள் பையைத் தவிர.

ஆக, சேரலாமா? வேண்டாம். பின்னல் பழகத்தான் ஆசை என்றால் வீட்டு விறாந்தையில் இருந்து பழகு. கல்முனையிலிருந்து 40 கிலோமீற்றர் பஸ்ஸில் வந்து கண்ணைக் கெடுக்காதே. இல்லை, வந்தே தீருவேன் என்றால் வெள்ளை நூலோடு வா. வாசலோரக் கதிரையில் ஆறு மணிவரை பகல் வெளிச்சம் கிடைக்கும், ஆனால் அது என்னுடைய கதிரை.